வாட்ச் கண்ணாடியில கீறல்: கேளுங்க, சொல்றேன்

போன இதழ்ல வாட்ச் பத்தி எதுவா இருந்தாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தோம். பேட்டரி, ஸ்ட்ராப், தண்ணி இறங்கினதுன்னு கலந்துகட்டி வரும்னு பார்த்தா, வந்ததுல முக்கால்வாசி கண்ணாடியில விழுந்த கீறல் பத்திதான். சரி, இந்தத் தடவை முழுக்க அதையே பேசிடுவோம். பத்தாயிரம் ரூபாய்க்குள்ள இருக்கற வாட்சுங்களை மனசுல வெச்சுதான் பதில் சொல்லியிருக்கேன், லட்சத்துல வாங்கறவங்களுக்கு ஷோரூம்காரங்களே காபி குடுத்து உக்கார வெச்சு விளக்கம் சொல்லுவாங்க.

நாலாயிரம் ரூபாய் குடுத்து ஒரு வாட்ச் வாங்கினேன். பெட்டியில ஸ்க்ராட்ச் ரெசிஸ்டன்ட் மினரல் கிளாஸ்னு போட்டிருந்தது. ஒரே மாசத்துல 3 மணிக்கும் 4 மணிக்கும் நடுவுல ஒரு கோடு விழுந்துடுச்சு, நகத்தால தடவினா தட்டுப்படுது. எங்கயும் இடிச்சதா ஞாபகமே இல்லை. ஏமாத்திட்டாங்களா?
- ஆபீஸ் ஊழியர், கோயம்புத்தூர்

ஏமாத்தலை சார். ஆனா எதுக்கு எதிரா தாங்கும்ங்கற விஷயத்தை எந்தக் கம்பெனியும் பெட்டியில போடாது, அங்கதான் நாம ஏமாந்து போறோம்.

வாட்ச் கண்ணாடின்னு நாம சொல்றது மூணு வகை. ஒண்ணு அக்ரிலிக், அதாவது நல்ல தரமான பிளாஸ்டிக். ரெண்டாவது மினரல், இது ஜன்னல் கண்ணாடியோட சொந்தக்காரன்தான், சூடு பண்ணியோ ரசாயனத்துல முக்கியோ கொஞ்சம் உறுதி ஏத்தியிருப்பாங்க. மூணாவது சஃபையர், ஃபேக்டரியில வளர்க்கற நீலக்கல், ஆனா நிறம் சேர்க்காததால தண்ணி மாதிரி தெளிவா இருக்கும். எது எதைக் கீறும்னு பார்க்க 1812ல ஃபிரெட்ரிக் மோஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1ல இருந்து 10 வரைக்கும் ஒரு அளவு வெச்சாரு, அதுல நம்ம நகம் ரெண்டரை, அக்ரிலிக் 3 பக்கம், மினரல் கிளாஸ் ஐந்தரையில இருந்து 6, சஃபையர் 9, வைரம் 10. மேல இருக்கறது கீழ இருக்கறதைக் கீறும், அவ்வளவுதான் கணக்கு. (இது வரிசை மட்டும்தான், 9க்கும் 10க்கும் நடுவுல ஒரு படின்னு நினைச்சுடாதீங்க, வைரம் சஃபையரை விட பல மடங்கு கடினம்.)

இப்ப உங்க கோட்டுக்கு வருவோம். நம்ம ஊர் தூசியில, ரோட்டு மண்ல, சுவர் பூச்சுல, எல்லாத்துலயும் மணல் இருக்கு, மணல்னா பெரும்பாலும் குவார்ட்ஸ், அது 7. மினரல் கிளாஸ் 6ஐத் தாண்டாது. அப்போ பூசி பெயின்ட் அடிச்ச சுவத்துல கை உரசினாக்கூட போதும், பைக்கை சந்துல தள்ளிட்டுப் போகும்போது, லிஃப்ட் வாசல்ல, மாடிப்படி கைப்பிடிச் சுவர்ல, இதெல்லாம் இடிச்சதாவே நமக்குத் தோணாது. ஆனா ஒரே ஒரு மணல் துகள் கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டி இழுபட்டா கோடு விழுந்தாச்சு.

இன்னொண்ணு பலர் யோசிக்காதது, துடைக்கற பழக்கம். கண்ணாடி மேல தூசி படிஞ்சிருக்கும், நாம சட்டை நுனியை எடுத்து ஒரு வாய் ஊதிட்டு அழுத்தித் தேய்ப்போம், அது துடைக்கறது இல்லை, அந்தத் தூசியையே வெச்சு பாலிஷ் பேப்பர் போடறது. வெயில்ல சாய்ச்சுப் பார்த்தா சிலந்தி வலை மாதிரி மெல்லிசா வட்டவட்டமா தெரியுமே, அது முக்காலே மூணு வீசம் நம்ம சட்டை பண்ணின வேலை. 50 மீட்டர் தண்ணி தாங்கும்னு போட்ட வாட்ச்னா குரோனை, அதாவது பக்கத்துல இருக்கற திருகை, நல்லா உள்ள அமுக்கிட்டு குழாய்த் தண்ணியில மெதுவா காட்டி தூசியைக் கழுவிட்டு அப்புறம் துடைங்க. 30 மீட்டர் வாட்ச்னா ஈரத்துணியால ஒத்தி எடுங்க போதும்.

கிச்சன் மேடையில உரசினா கீறுமான்னும் ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. நாம கருப்பு கிரானைட்னு வாங்கிப் போடற கல்லுல நிறைய நிஜ கிரானைட்டே கிடையாது, டோலரைட், கேப்ரோன்னு வேற பாறை வகை, அதுல குவார்ட்ஸ் ரொம்பக் கம்மி. ஆனா அதுல இருக்கற ஃபெல்ட்ஸ்பார்ங்கற தாதுவே 6 வரும், அதனால மினரல் கிளாசுக்கு அதுவும் ஆபத்துதான், குறிப்பா பாலிஷ் போடாத ஓரம். பாத்திரம் தேய்க்கும்போது வாட்சைக் கழட்டி வெச்சுடுங்க, அந்தப் பச்சை ஸ்க்ரப்பர்ல அரைக்கற துகள் கலந்துதான் இருக்கு, அதோட வேலையே அதுதானே.

பாக்கெட்ல சாவியும் சில்லறையும் வாட்சும் ஒண்ணாப் போட்டா கீறல் விழுமா?
- கல்லூரி மாணவர், திருநெல்வேலி

சாவி பெரும்பாலும் பித்தளை தம்பி, மினரல் கிளாசையே அதால ஒண்ணும் பண்ண முடியாது. கோடு மாதிரி சாம்பல் நிறத்துல ஒண்ணு தெரிஞ்சா அது கீறலா இல்லாம, சாவியில இருந்த உலோகம் கண்ணாடி மேல ஒட்டினதா இருக்கும், பென்சில் ரப்பர் வெச்சுத் தேய்ச்சுப் பாருங்க, போயிடும். ஆனா பாக்கெட்டோட அடியில தூசியும் மணலும் இருக்குமே அது கீறும். ஸ்டீல் கேசும் செயினும் கண்ணாடியை விட மெத்து, அதுல முதல்ல கோடு விழும். அக்ரிலிக் கண்ணாடின்னா சாவியே போதும்.

அப்பாவோட எச்எம்டி ஜனதா வாட்ச். சாவி குடுத்தா இன்னும் ஓடுது. கண்ணாடி மட்டும் மங்கிப் போய் டயலே தெரியலை. கடையில கண்ணாடியை மாத்திடலாம்னு சொல்றாங்க. மாத்த மனசில்லை. வேற வழி இருக்கா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

இருக்கும்மா, அதுவும் வீட்டுலயே. ஜனதா, பைலட், சோனா மாதிரி அந்தக் கால எச்எம்டி எல்லாத்துக்கும் அக்ரிலிக்தான். 1961ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோட சேர்ந்து பெங்களூர்ல ஆரம்பிச்சாங்க, அப்போ உலகம் முழுக்க வாட்சுங்களுக்கு அதுதான் வழக்கம். அக்ரிலிக் சீக்கிரம் கீறும், ஆனா கீறினதை அழிக்கவும் முடியும், மத்த ரெண்டுக்கும் இந்த வசதி கிடையாது.

செய்ய வேண்டியது: கேசைச் சுத்தி, கண்ணாடி ஓரம் வரைக்கும் செலோ டேப் ஒட்டிடுங்க, இல்லைன்னா பேஸ்ட் ஓரத்துல புகுந்து காஞ்சு வெள்ளையா நிக்கும், எடுக்க உயிர் போயிடும். சாதா வெள்ளை டூத்பேஸ்ட் எடுத்துக்கோங்க, ஜெல் வேண்டாம், அதுல அரைக்கற துகள் கம்மி. பட்டாணி அளவு கண்ணாடி மேல வெச்சு பழைய பருத்தி பனியன் துணியால சின்னச் சின்ன வட்டமாத் தேயுங்க, ரொம்ப அழுத்த வேண்டாம், ஆனா நிதானமா விடாம. முதல் ரெண்டு நிமிஷத்துல ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும், இன்னும் மங்கினாப்லகூடத் தெரியும், பயப்படாதீங்க. ஈரத் துணியால துடைச்சுட்டு லைட்டுக்கு நேரா பாருங்க, மெல்லிசு கோடெல்லாம் போயிருக்கும், மிச்சம் இருந்தா மறுபடியும் ஒரு சுத்து. வீட்டுல பித்தளை தேய்க்கற பிராசோ இருந்தா அதுவும் வேலை செய்யும். இதுக்குன்னே பாலிவாட்ச்னு ஜெர்மனியில இருந்து ஒரு சின்ன ட்யூப் வருது, ஆன்லைன்ல கிடைக்குது, டூத்பேஸ்டை விட சுத்தமா வேலை முடியும்.

நகத்துல மாட்டற அளவுக்கு ஆழமான கீறல் இருந்தா மட்டும் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை நல்லா நனைச்சு லேசாத் தேய்ச்சு கண்ணாடி மொத்தத்தையும் ஒரே மாதிரி மங்கலாக்கிட்டு அப்புறம் பேஸ்ட் போடணும். பழகாத கைக்கு இது கொஞ்சம் திக்குனு இருக்கும், வாட்ச் ரிப்பேர்காரர்கிட்ட குடுத்துடலாம்.

ஒரு விஷயம் முதல்ல பார்த்துடுங்க, கண்ணாடி ஓரத்துல வெடிப்பு இருக்கான்னு. வயசான அக்ரிலிக் மஞ்சளாகி ஓரத்துல முடி மாதிரி வெடிக்கும், அப்படி இருந்தா பாலிஷ் பண்ணி பிரயோஜனம் இல்லை, ஈரம் உள்ள போய் முள்ளையும் டயலையும் கெடுத்துடும், மாத்தறதுதான் சரி. மாத்தினா அப்பா வாட்ச் அப்பா வாட்ச் இல்லாமப் போயிடாதும்மா, அவரே ஒரு தடவையாவது மாத்தியிருப்பாரு. டயலை மட்டும் யார் சொன்னாலும் ரீபெயின்ட் பண்ண விட்டுடாதீங்க. இன்னொண்ணு, அக்ரிலிக் மேல சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் எதுவும் படக்கூடாது, உள்ளுக்குள்ள நெசவு மாதிரி வெடிச்சு வெளுத்துடும், அதை எந்தப் பேஸ்டாலும் எடுக்க முடியாது.

அப்போ என் மினரல் கிளாஸ் வாட்சுக்கும் டூத்பேஸ்ட் போடலாமா? யூட்யூப்ல போடறாங்களே?
- மருந்துக்கடை உரிமையாளர், விழுப்புரம்

போடலாம், கண்ணாடி புதினா வாசமா இருக்கும், கோடு அப்படியே இருக்கும்.

மினரலைப் பாலிஷ் பண்றதுக்கு சீரியம் ஆக்சைடுன்னு ஒரு பவுடர் இருக்கு, கண்ணாடித் தொழில்ல உபயோகிக்கறது, தண்ணியில குழைச்சு மோட்டார் வெச்ச ஃபெல்ட் சக்கரத்துல மணிக்கணக்கா தேய்க்கணும். கோடு விழுந்த இடத்தை மட்டும் தேய்ச்சா அங்க பள்ளமாகி டயல் நெளிஞ்சு தெரியும், சூடு ஏறினா கண்ணாடியே வெடிக்கவும் செய்யும். அவ்வளவு பாடு எதுக்கு? தட்டையான வட்டக் கண்ணாடின்னா ரிப்பேர் கடையில டப்பா டப்பாவா சைஸ் வாரியா வெச்சிருப்பாரு, காலிப்பர்ல விட்டத்தையும் தடிமனையும் அளந்து, பழசை அமுக்கி எடுத்துட்டு புது நைலான் வளையத்தோட பிரஸ்ல வெச்சு ஒரே அமுக்கு, டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுடும். செலவும் வாட்ச் விலைக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

நான் இதை அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. கம்மி விலை வாட்ச் வாங்கும்போது எல்லாரும் கண்ணாடி எந்த வகைன்னு மட்டும் கேக்கறாங்க, அதோட வடிவத்தைப் பார்க்கறதே இல்லை. தட்டையா வட்டமா இருந்தா எந்த ஊர்லயும் மாத்திடலாம். குமிழ் மாதிரி வளைஞ்சது, சதுரம், பீப்பாய் வடிவம், ஓரத்துல பட்டை தீட்டினது, இதுக்கெல்லாம் கம்பெனி கண்ணாடிக்குத்தான் காத்துக் கிடக்கணும். ஓரியன்ட் பம்பினோ பார்க்க அவ்வளவு அழகா இருக்கும், அந்த அழகே மேல வளைஞ்ச மினரல் கண்ணாடிதான், கீறல் விழுந்தா தெருமுனைக் கடையில அதே மாதிரி கிடைக்காது. வேண்டாம்னு சொல்லலை, தெரிஞ்சு வாங்குங்க.

கண்ணாடி மாத்தினதுக்கு அப்புறம் பழைய வாட்டர் ரெசிஸ்டன்ஸ் இருக்கும்னு நம்பி நீச்சலுக்குப் போகாதீங்க. பிரஷர் டெஸ்ட் பண்ற மெஷின் இருக்கற இடத்துல காட்டினாதான் சொல்ல முடியும். சில இடத்துல வளையமே போடாம பசை வெச்சு ஒட்டித் தர்றாங்க, வளையம் போடச் சொல்லிக் கேட்டு வாங்குங்க, நம்ம வாட்ச்தானே, நிக்க வெச்சு கேள்வி கேக்கறதுல தப்பில்லை.

ஆன்லைன்ல சீனா பிராண்டு வாட்சுங்க எல்லாத்துலயும் சஃபையர் கிளாஸ்னு போட்டிருக்கான். அதே விலைக்கு நம்ம ஊர்ல மினரல்தான் தர்றாங்க. அது உண்மையான சஃபையரா, எப்படிக் கண்டுபிடிக்கறது?
- சாஃப்ட்வேர் இன்ஜினியர், சென்னை

பகானி டிசைன், சான் மார்ட்டின், கடிசன் இந்த மாதிரி பிராண்டுங்களைத்தான் கேக்கறீங்கன்னு நினைக்கறேன். பெரும்பாலும் உண்மைதான் தம்பி, ஆச்சரியப்பட வேண்டாம்.

சஃபையர்ங்கறது அலுமினியம் ஆக்சைடு. 1902லயே ஆகுஸ்ட் வெர்னாய்னு பிரான்ஸ்காரர் ஒருத்தர் இந்தப் பவுடரை ஆக்சிஜன் ஹைட்ரஜன் தீயில உருக்கி சொட்டுச் சொட்டா மாணிக்கம் வளர்க்கற முறையை வெளியிட்டுட்டாரு. நம்ம தஞ்சாவூர் டீச்சரம்மா வாட்ச்ல 17 ஜுவல்ஸ்னு இருக்கும் பாருங்க, அந்தக் கல்லுங்களும் இப்படி ஃபேக்டரியில வளர்த்த மாணிக்கம்தான், சஃபையரும் மாணிக்கமும் ஒரே பொருள், சேர்ற நிறம்தான் வேற. ஆக அந்தக் காலத்து எச்எம்டிக்குள்ளயே சஃபையர் ஜாதி இருக்கு, மேல மட்டும் பிளாஸ்டிக். இன்னைக்கு எல்இடி பல்போட சிப்பு வளர்க்கறதே சஃபையர் தட்டு மேலதான், ஃபோன் கேமரா மூடியிலயும் போகுது, அதனால டன் கணக்குல வளர்க்கறாங்க, பொருள் விலை இறங்கிடுச்சு. இப்ப செலவு அதை வெட்டித் தேய்க்கறதுலதான், ஏன்னா அதைத் தேய்க்க வைரத் தூள்தான் வேணும். தட்டையா வெட்டறது மலிவு, குமிழா வளைக்கறது ரெண்டு பக்கமும் வளைச்சுத் தேய்க்கணும்ங்கறதால ரொம்ப விலை. அதான் கம்மி விலை சஃபையர் வாட்ச் பெரும்பாலும் தட்டையா இருக்கும்.

ஏமாத்து வேலை வேற இடத்துல நடக்குது. சஃபையர் கோட்டட், சஃபையர் கிளாஸ் டச், சஃபையர் கிரேடுன்னு போட்டிருந்தா அது மினரல் மேல மெல்லிசா ஒரு பூச்சு, நிஜ சஃபையர் கிடையாது. மொட்டையா கிறிஸ்டல் கிளாஸ்னு மட்டும் போட்டிருந்தா மினரல்னு எடுத்துக்கோங்க.

கண்டுபிடிக்க ஒரு சொட்டுத் தண்ணி வெச்சுப் பாருங்கன்னு சொல்லுவாங்க, சஃபையர்ல முத்து மாதிரி உருண்டு நிக்கும், மினரல்ல பரவும். ஓரளவு சரி, ஆனா கண்ணாடி மேல கோட்டிங்கோ விரல் எண்ணெயோ இருந்தா மாத்திக் காட்டும். நகைக்கடையில வைரம் பார்க்கற பேனா டெஸ்டர் இருக்கும்ல, அது சூடு கடத்தறதைப் பார்க்கற கருவி, சஃபையர் கண்ணாடியை விட பல மடங்கு வேகமா சூடு கடத்தும், அதுல ரெண்டு மூணு லைட்டாவது எரியும், மினரல்ல ஒண்ணும் எரியாது. தெரிஞ்ச நகைக்கடைக்காரர் இருந்தா ஒரு நொடி வேலை. அதே காரணத்தாலதான் சஃபையரைக் கன்னத்துல வெச்சா மினரலை விட சில்லுனு இருக்கும், பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா வித்தியாசம் தெரியும். சிலர் வீடியோவுல கத்தியை வெச்சுக் கீறிக் காட்டறாங்களே, அதைப் பண்ணாதீங்க, கத்தி மினரலையே சரியாக் கீறாது, அப்புறம் என்னத்தை நிரூபிக்கறது?

சரி, வாங்கலாமான்னு கேட்டா, என் கணக்கு இதுதான். ஐயாயிரத்துக்குள்ள சஃபையர் போட்டா வேற எங்கயோ கை வெச்சிருப்பான், செயின் பின், கிளாஸ்ப், முள்ளோட ஃபினிஷ், தண்ணியைத் தடுக்கற கேஸ்கெட், சர்வீஸ். ஓட்டு வீட்டுக்குத் தேக்குக் கதவு போட்ட கதை. ரெண்டு வருஷம் கழிச்சு கண்ணாடி பளபளன்னு இருக்கும், செயின் கலகலன்னு ஆடும். உங்களுக்கு உள்ள இருக்கற மெஷின் ஜப்பான் மியோட்டாவோ சீக்கோவோன்னு தெரிஞ்சு, கேஸ் திறந்து பார்க்க ஒரு ஆள் பக்கத்துல இருந்தா தாராளமா வாங்குங்க. இல்லைன்னா மினரல் போட்ட ஒரு நல்ல கேசியோவோ சிட்டிசனோ ஓசூர் டைட்டன் கம்பெனி வாட்சோ எனக்கு மேல்.

சஃபையர்னு நம்பி வாங்கினேன், அதுலயும் மெல்லிசா கோடு விழுந்திருக்கு. போலியா?
- கட்டுமான நிறுவன சூப்பர்வைசர், துபாய்

கோடு ஊதா இல்லைன்னா பச்சைச் சாயல்ல, சாய்ச்சுப் பார்த்தா மட்டும் தெரியுதா? அப்போ கீறினது சஃபையர் இல்லை, அது மேல போட்ட ஏ.ஆர். கோட்டிங், அதாவது ஆன்டி ரிஃப்ளெக்டிவ் பூச்சு. சஃபையர் சாதாக் கண்ணாடியை விட வெளிச்சத்தை அதிகமாத் திருப்பி அடிக்கும், ஒரு பக்கத்துக்கு கிட்டத்தட்ட 8 சதவீதம், கண்ணாடின்னா 4 தான். அந்தக் கிளேர் தெரியாம இருக்க ஒரு பூச்சு போடுவாங்க, அது சஃபையர் அளவுக்குக் கடினம் கிடையாது. நல்ல கம்பெனி உள்பக்கம் மட்டும் போடும், சிலர் வெளிப்பக்கமும் போட்டுடுவாங்க, வாங்கும்போது சூப்பரா இருக்கும், ஒரு வருஷத்துல கோடு கோடாயிடும். வாங்கறதுக்கு முன்னாடி கோட்டிங் எந்தப் பக்கம்னு பாருங்க.

நிஜமாவே சஃபையரைக் கீறறது கொஞ்சம்தான். வைர மோதிரம், டைல்ஸ் வெட்டற வைர பிளேடு, கிரைண்டிங் வீல், எமரி பேப்பர். எமரியில இருக்கறதே சஃபையர் ஜாதி குருந்தக்கல்தான், அதனால சமம் சமத்தைக் கீறும். நீங்க சைட்ல இருக்கறவர், கடைசி மூணும் உங்க கைக்குப் பக்கத்துலயே இருக்கும்.

நான் கொத்தனார் சார். எந்த வாட்ச் கட்டினாலும் ஆறு மாசம் தாங்கலை. சஃபையர் போட்டது வாங்கினா தப்பிக்குமா?
- மணப்பாறை

வேண்டாம் அண்ணே, காசு வேஸ்ட். சிமென்ட்ல இருக்கற மணல் சஃபையரை ஒண்ணும் பண்ணாது உண்மைதான், ஆனா கரண்டி கை தவறி விழுந்தா, செங்கல் முனை நேராப் பட்டா சஃபையர் சுக்குநூறாப் போயிடும். கீறாத பொருள் எல்லாம் அடி தாங்கும்னு கிடையாது, கடினம் ஏற ஏற நொறுங்கற குணமும் கூடவே வருது. நொறுங்கின தூள் டயல் மேல விழுந்து முள்ளைக் கீறி, மெஷின்ல போய் மாட்டினா அந்தச் செலவு தனி.

அக்ரிலிக் அப்படியே நேர்மாறு, கோடு கோடா விழும் ஆனா உடையாது. நாசா 1965ல விண்வெளி வீரருங்களுக்குன்னு தேர்ந்தெடுத்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர்ல இருந்ததும் அக்ரிலிக்தான், நிலாவுக்குப் போனதும் அதுதான். எடையில்லாத இடத்துல கண்ணாடித் தூள் பறந்து கண்ணுல போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. இன்னைக்கும் அந்த வாட்சை அக்ரிலிக்ல கேட்டு வாங்கறவங்க இருக்காங்க, விலை பல லட்சம்.

உங்களுக்கு ரெண்டு வழி. ஒண்ணு கேசியோ எஃப்-91டபிள்யூ, 1989ல வந்தது இன்னும் அப்படியே விக்குது, பிளாஸ்டிக் கண்ணாடி, கம்மி விலை, கோடு விழுந்தா பேஸ்ட் போட்டுத் தேய்ச்சுக்கலாம். கொஞ்சம் கூட செலவு பண்ண முடிஞ்சா ஜி-ஷாக், 1983ல இருந்து வருது. அதுல பல மாடல்ல மினரல் கிளாஸ்தான் இருக்கு, ஆனா சுத்தி இருக்கற ரப்பர் வளையம் கண்ணாடியை விட மேல தூக்கியிருக்கும், கண்ணாடி குழியில உக்கார்ந்திருக்கும். தட்டையான சுவர்ல மோதினா கண்ணாடி படவே படாது. யோசிச்சுப் பார்த்தா கீறலைத் தடுக்கற மலிவான வழி அதுதான், என்ன பொருள்ங்கறதை விட அது எவ்வளவு வெளிய துருத்திக்கிட்டு நிக்குதுங்கறது பெரிய விஷயம், இதைப் பத்தி ஏன் யாரும் விளம்பரம் பண்றதில்லைன்னு தெரியலை. ஸ்டீல் வாட்ச் வாங்கறவங்களும் கண்ணாடி, சுத்தி இருக்கற பெசல் வளையத்தை விட ஒரு நூல் உள்ள இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க.

9 எச் டெம்பர்ட் கிளாஸ்னு வாட்சுக்கு ஒட்டற கார்டு வாங்கினேன். 9ன்னா சஃபையர் அளவுதானே? ரெண்டு வாரத்துல கீறிடுச்சு.
- தனியார் பள்ளி ஊழியர், சேலம்

அந்த 9 வேற 9. பெயின்ட், பூச்சு இதுங்களைச் சோதிக்கறதுக்கு பென்சிலால கீறிப் பார்ப்பாங்க, எச்பி, 2 எச்னு நாம ஸ்கூல்ல வாங்குவோமே அதே வரிசை, அதுல ரொம்பக் கெட்டி பென்சில் 9 எச். அந்தப் பென்சில் கீறலைன்னா 9 எச்னு போட்டுக்கலாம். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும், சாதாக் கண்ணாடியையே அதால கீற முடியாது, அப்போ ஜன்னல் கண்ணாடியும் 9 எச் தான். மோஸ் 9க்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, ஆனா குழம்பட்டும்னுதான் அப்படிப் பெரிசா அச்சடிக்கறாங்கன்னு நான் நினைக்கறேன்.

கார்டு ஒட்டறதே தப்புன்னு சொல்லலை, கீறினா பிச்சு எறிஞ்சுட்டு வேற ஒட்டிக்கலாம். டச் ஸ்க்ரீன் ஸ்மார்ட்வாட்சுக்கு அது நியாயம், அதுல கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் சேர்ந்தே இருக்கறதால மாத்தற செலவு கழுத்தை நெரிக்கும். சாதா முள்ளு வாட்சுக்கு ஒட்டினா ஓரத்துல அழுக்கு சேர்ந்து பார்க்கவே சகிக்காது.

ஸ்மார்ட்வாட்ச்ல கொரில்லா கிளாஸ்னு போட்டிருக்கே, அது சஃபையரை விட மேலா?
- பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்

கீறல்ல இல்லைம்மா, அடி தாங்கறதுல மேல். கண்ணாடியை உருக்கின பொட்டாசியம் உப்புல முக்கினா கண்ணாடியில இருக்கற சின்ன சோடியம் அயனி வெளிய போய் பெரிய பொட்டாசியம் அயனி அந்த இடத்துல வந்து நெருக்கி உக்காரும், உன் கெமிஸ்ட்ரி புக்ல அயனி பரிமாற்றம்னு வரும் பாரு. மேல்பரப்பு முழுக்க இறுக்கமாகிடறதால லேசுல வெடிக்காது. ஆனா அதுவும் கண்ணாடிதான், பீச் மணல் கீறும். ஆப்பிள் வாட்ச்லயே அலுமினியம் மாடலுக்கு இந்த மாதிரி கண்ணாடி, டைட்டானியம் மாடலுக்கு சஃபையர்னு ரெண்டு விதமா குடுத்திருக்காங்க.

சீக்கோ 5ல ஹார்ட்லெக்ஸ்னு இருக்கு. அது மினரலா சஃபையரா?
- ஈரோடு

மினரல்தான், சீக்கோ தன் கைப்பக்குவத்துல கடினமாக்கி வெச்ச பேரு. சாதா மினரலை விட கீறல் கொஞ்சம் தாங்கும், சஃபையர் கிட்ட வராது, அடி நல்லா தாங்கும். டைவர் வாட்சுக்கே பல வருஷம் அதைத்தான் போட்டாங்க, பயந்து ஒதுக்க வேண்டிய கண்ணாடி இல்லை. சில பேர் வாங்கின கையோட அதைக் கழட்டிட்டு வெளியில இருந்து சஃபையர் வாங்கிப் போடறாங்க, வாரன்டி போயிடும், வாரன்டி முடிஞ்சு ஹார்ட்லெக்ஸ் கீறின அப்புறம் பண்ணிக்கலாமே, என்ன அவசரம்?

எங்க அம்மா எப்பவும் வாட்சை மணிக்கட்டுக்கு உள்பக்கம் டயல் வர்ற மாதிரிதான் கட்டுவாங்க. கீறலே விழாதுன்னு சொல்றாங்க. சரியா?
- நர்ஸ், மதுரை

நடக்கும்போது, பஸ்ல கம்பி பிடிக்கும்போது, சுவர் ஓரம் போகும்போது சரி, வெளிப்பக்கம் படற அடி எல்லாம் தப்பிச்சுடும். மேசையில கையை வெச்சு எழுதற, கம்ப்யூட்டர்ல டைப் பண்ற வேலைன்னா கண்ணாடி நாள் பூரா மேசையில உரசும், அங்க தூசி இருந்தா வெளிப்பக்கம் கட்டினதை விட மோசம். அம்மாவுக்கு எந்த வேலைன்னு நீங்க எழுதலை. உங்களுக்கு வார்டுல ஊசி போட, பல்ஸ் பார்க்க கையை அடிக்கடி கழுவற வேலை, சானிடைசர் வேற, அக்ரிலிக் மட்டும் வேண்டாம், தட்டையான மினரல்ல செகண்ட் முள்ளு பளிச்சுனு தெரியற டயலாப் பார்த்து வாங்கிக்கோங்க.